பின்டயர் தேய்ந்த செடான்: அகலத்தைக் கூட்டுவதா, நான்கையும் ஒரே அளவாக்குவதா?

கேள்வி: என்னுடையது பின்சக்கர இயக்கமுள்ள மூன்று லிட்டர் டர்போ செடான். முன்னால் 7.5 அங்குல ரிம்மில் 225/45 ஆர்18, பின்னால் 8.5 அங்குல ரிம்மில் 255/40 ஆர்18. நான்கும் 2021-இல் வண்டியோடு வந்த, காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள். 32,000 கி.மீ. ஓடியதில் பின்டயர்களின் உள்ஓரம் 2 மி.மீ.க்கு வந்துவிட்டது. நடுவில் 3.5 மி.மீ. இருக்கிறது. முன்டயர்களில் 5 மி.மீ. மீதம். மழையில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் நழுவி, ஸ்டெபிலிட்டி விளக்கு மினுக்குகிறது. ஒரு கடையில் பின்னால் 265 போடச் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் நான்கும் 225 போட்டால் முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டலாம் என்கிறார்கள். ரன்-ஃபிளாட்டை விட்டுவிடலாமா? இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா? எங்கள் பக்கம் பனி கிடையாது, மழை அதிகம்.

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவைத் தொடாதீர்கள். முன்னால் 225/45, பின்னால் 255/40 என்றே இருக்கட்டும் (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது சைடுவால், அதாவது பக்கச்சுவர், உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, ஆர்18 என்றால் 18 அங்குல ரிம்). புது டயர் வாங்குவதற்கு முன்பே பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களை, அதாவது ஆர்ம்களின் இணைப்பில் உள்ள ரப்பர் உறைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். டயர் மாட்டிய அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்கள், பார்த்துவிடுங்கள். இரண்டு மட்டும் மாற்றுவதென்றால் முன்னால் இருக்கும் அதே மாடலின் ரன்-ஃபிளாட்டையே பின்னால் போட வேண்டும். ரன்-ஃபிளாட்டை விடுவதென்றால் நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். உங்கள் நிலைமைக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

நழுவல் ஏன் என்று புரிந்தால் மற்ற முடிவுகள் எளிது. ஒரு டயர் சாலையைப் பிடிக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியைத் தள்ளுவதற்கும், வளைவில் பக்கவாட்டில் தாங்குவதற்கும் அந்த ஒரே திறனைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியில் முன்டயர் இழுப்பதும் திருப்புவதுமாக இருக்க, பின்டயருக்குத் தாங்கும் வேலை மட்டும்தான். உங்கள் வண்டியில் பின்டயர் இரண்டையும் செய்கிறது. டர்போ எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே முழு டார்க்கையும் தந்துவிடுவதால், வளைவு முடியும் முன் பெடலை மிதித்தால் பக்கவாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதில் உள்ஓரத் தேய்வும் சேர்ந்துகொள்கிறது. இந்த வகை வண்டிகளில் பின்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தபடி, அதாவது நெகட்டிவ் கேம்பரில் நிற்கும். நேராக ஓடும்போது அதிக அழுத்தம் விழுவது உள்ஓரத்தில். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பள்ளம் உங்கள் டயரில் அங்கேதான் தீர்ந்துபோயிருக்கிறது. நடுவில் 3.5 மி.மீ. இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். டயரின் ஆழத்தை உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர், அந்த மேட்டின் மட்டத்துக்கு வரும்வரை ஓட்டலாம் என்பது சட்ட வரம்பு மட்டுமே. மழை அதிகமுள்ள இடத்தில், 255 அகலமுள்ள பின்டயரை 3 மி.மீ.யிலேயே மாற்றிவிட வேண்டும். டயர் அகலமாக ஆக, அது ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். ஆழம் குறைந்த அகல டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்குவது சீக்கிரம். நீங்கள் மாற்றும் நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள். புது டயர் வரும்வரை மழையில் வேகத்தைக் குறையுங்கள், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைக்கவே வேண்டாம்.

இப்போது அந்த உள்ஓரம். கேம்பர் மட்டும் இருந்தால் உள்ஓரம் மெதுவாகத்தான் தேயும். வேகமாகத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம். ஒரு சக்கரம் தான் ஓட வேண்டிய திசையிலிருந்து 0.2 பாகை விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ.க்கு அது 35 கி.மீ. உரசல். அந்த உரசலில் பெரும்பகுதி, கேம்பரால் ஏற்கெனவே அழுந்தியிருக்கும் உள்ஓரத்தில் விழுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு, பின்டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. இரு திசையிலும் வழவழப்பாக இருந்து ஓரம் மட்டும் தாழ்ந்திருந்தால் கேம்பர் பக்கம் பாருங்கள். உள்ஓரத்தில் கம்பி தெரியத் தொடங்கியிருந்தால் அந்த டயரில் இனி ஒரு பயணமும் வேண்டாம். வண்டியை நிறுத்திவைத்து வெளியிலிருந்து பார்த்தால் உள்ஓரம் கண்ணில் படாது. ஜாக்கியில் தூக்கிப் பார்ப்பதாக இருந்தால் ஸ்டாண்ட் வைக்காமல் கீழே கையை விடாதீர்கள்.

அலைன்மென்டுக்குப் போகுமிடத்தில் நான்கு சக்கரமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து ஸ்டீயரிங்கை நேராக்கி அனுப்புவது இந்த வண்டிக்கு எந்தப் பயனும் தராது. பின்சக்கரங்களின் டோ இடம் வலமாகச் சமமில்லாவிட்டால் வண்டி லேசாகச் சாய்ந்த கோணத்தில் ஓடும், அதற்கேற்ப ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும். பின் ஆர்ம் புஷ்களில் ரப்பர் கிழிந்திருந்தால், மெஷினில் நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆர்ம் நகர்ந்து டோ மாறிவிடும். ஆகவே முதலில் புஷ், பிறகு அலைன்மென்ட். சரிசெய்யும் போல்ட்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால், சிலர் பின்பக்கத்தைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். செய்வதற்கு முன், செய்த பின் என்ற இரண்டு அளவுத்தாளையும் கேட்டு வாங்கினால் அது தெரிந்துவிடும். சில தயாரிப்பாளர்கள் இருக்கைகளில் குறிப்பிட்ட எடையும் டாங்கில் முழு எரிபொருளும் வைத்துத்தான் அளக்கச் சொல்கிறார்கள். உங்கள் மாடலுக்கு அப்படி இருந்தால் எடை இல்லாமல் எடுத்த அளவு பொருந்தாது.

இனி 265. அகலம் கூடினால் பிடி கூடும் என்ற எண்ணம், ரிம்மும் சேர்ந்து அகலமானால்தான் பொருந்தும். 255/40 ஆர்18-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 8.5 முதல் 10 அங்குலம். உங்கள் 8.5 ஏற்கெனவே அதன் கீழ் எல்லை. 265 அளவுகளுக்கு 9 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் சைடுவால் உள்ளே கிள்ளியதுபோல் ஆகி, நடுப்பகுதி புடைத்து, வளைவில் டயர் ரிம்மின்மேல் அசைந்தாடும். கிடைத்த 10 மி.மீ.யைவிட இழந்த உறுதி அதிகம்.

விட்டமும் இடிக்கிறது. கணக்கு எளிது: அகலத்தைச் சைடுவால் சதவீதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம் விட்டத்தைக் கூட்ட வேண்டும். 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ. உங்கள் முன்டயர் விட்டம் 659.7, பின்டயர் 661.2 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ. மட்டும். 265/40 போட்டால் 669.2 ஆகிறது, முன்டயரைவிட 1.4 சதவீதம் பெரிது. 265/35 போட்டால் 642.7, அதாவது 2.6 சதவீதம் சிறிது. ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி மூன்றும் நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுத்தான் எந்தச் சக்கரம் நழுவுகிறது என்று முடிவெடுக்கின்றன. சிறிய பின்டயர் எப்போதும் வேகமாகச் சுற்றும், அதைக் கணினி நழுவலாக எண்ணித் தேவையில்லாதபோது எஞ்சினை அடக்கலாம். பெரிய பின்டயரில் உண்மையான நழுவலைக் கணினி தாமதமாக உணரலாம். தயாரிப்பாளர் வைத்த முன்பின் விகிதத்தைக் காப்பாற்றுங்கள்.

நான்கும் 225 என்ற யோசனையில் விட்டப் பிரச்சினை இல்லை, 8.5 அங்குல ரிம்மும் 225/45-க்கு மேல் எல்லையில் பொருந்திவிடும். முன்பின் மாற்றிப் போடுவது மட்டும் நீங்கள் நினைக்கும் அளவு எளிதாக இராது. முன்ரிம் 7.5, பின்ரிம் 8.5, ஆஃப்செட்டும் (ரிம் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) வேறு என்பதால் சக்கரத்தோடு மாற்ற முடியாது, ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்ட வேண்டும். அதைவிட முக்கியம், வண்டியின் சமநிலை. பின்னால் அகலமாக வைத்ததே, எல்லையில் முன்பக்கம் முதலில் பிடி இழக்க வேண்டும் என்பதற்காக. முன்சக்கரம் நழுவினால் காலை எடுத்ததும் வண்டி திரும்பப் பிடிக்கும். பின்சக்கரம் நழுவினால் வண்டி சுழலப் பார்க்கும், பதறிக் காலை எடுத்தால் எடை முன்னால் போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். பின்னால் 30 மி.மீ. அகலத்தைக் குறைத்தால், நீங்கள் இப்போது புகார் சொல்லும் அதே நழுவலைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். சுமைத்திறனும் குறையலாம்: 225/45 ஆர்18-இல் 91 குறியீடு கொண்ட டயர் தாங்குவது 615 கிலோ, 255/40-இல் 95 குறியீடு 690 கிலோ, 99 குறியீடு 775 கிலோ. கையேட்டில் பின்அச்சுக்குச் சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. வேகக் குறியீட்டிலும் அப்படித்தான்: டபிள்யூ 270 கி.மீ., ஒய் 300 கி.மீ. அந்த வேகத்தில் நீங்கள் போகப் போவதில்லை என்பது உண்மை. உயர்ந்த குறியீட்டு டயரின் கட்டமைப்பு வெப்பத்தையும் வளைவு விசையையும் கூடுதலாகத் தாங்கும் என்பதற்காகத்தான் அதைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

சைடுவாலில் எக்ஸ்எல் என்றிருந்தால் அது கூடுதல் சுமை டயர். அந்தக் கூடுதல் சுமைத்திறன் கூடுதல் காற்றில்தான் கிடைக்கும். வலுவான டயர்தானே என்று காற்றைக் குறைத்து ஓட்டுவது தவறு.

ரன்-ஃபிளாட்டுக்கு வருவோம். காற்று முழுக்கப் போனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. போகலாம் என்பதுதான் அதன் ஒரே நன்மை. இரவில் ஆளில்லாத சாலையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது பெரிய நன்மை, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு விலையாக சைடுவால் தடித்து, எடை கூடி, பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகிறது. சாதாரண டயருக்கு மாறினால் மேடுபள்ளம் உள்ள சாலையில் பின்சக்கரம் தரையோடு ஒட்டி ஓடும். தரையில் இருக்கும் சக்கரத்துக்குத்தான் பிடி. ஸ்டீயரிங்கின் முதல் அசைவில் கொஞ்சம் மெத்தனம் தெரியும், சில நாளில் பழகிவிடும். ரன்-ஃபிளாட்டோடு வந்த ரிம்மில் சாதாரண டயர் உட்காரும், அதற்காக ரிம் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்காது, வைக்க இடமும் இருக்காது. ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸர், சீலன்ட் பாட்டில், டார்ச் மூன்றும் டிக்கியில் நிரந்தரமாக இருக்க வேண்டும். சீலன்ட் ஆணி குத்திய ஓட்டைக்கு மட்டும்தான் உதவும், சைடுவால் கிழிந்தால் வண்டியைத் தூக்கிப் போக ஆள் கூப்பிட வேண்டியதுதான். பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு.

முன்னால் ரன்-ஃபிளாட், பின்னால் சாதாரணம் என்று கலப்பதை மட்டும் செய்யாதீர்கள். விறைப்பான முன்டயர் ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் சொல்லும். மென்மையான பின்டயர் ஒரு கணம் கழித்துச் சாயும். நெடுஞ்சாலையில் சட்டென்று தடம் மாற்றும்போது அந்த ஒரு கணத்தில்தான் பின்பக்கம் ஆடுகிறது. உங்கள் முன்டயர்களில் 5 மி.மீ. இருக்கும்போது எடுத்துப் போடுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவை 2021-இல் செய்தவை, ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும், பின்னால் வரும் புது டயரின் ஈரப்பிடியோடு அவை சேர்ந்து நடக்காது. இதனால்தான் நான்கையும் மாற்றச் சொல்கிறேன். இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால், அதே மாடல், அதே ரன்-ஃபிளாட், சைடுவாலில் உங்கள் கார் நிறுவனத்துக்குரிய நட்சத்திரமோ எம்ஓ போன்ற எழுத்தோ இருந்தால் அதே குறியோடு பின்னால் போடுங்கள். ஒரே பெயரில் வரும் டயரிலும், அந்தக் குறி உள்ளதற்கும் இல்லாததற்கும் ரப்பர் கலவையும் உள்கட்டமைப்பும் வேறாக இருக்கலாம். எப்படியானாலும் பின்டயர் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரு பின்சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்றிருந்தால், நேர்ச்சாலையிலும் அதன் கிளட்ச் தட்டுகள் ஓயாமல் உரசி வெப்பமாகும்.

எந்த வகை? பனியில்லாத, வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகாத இடத்தில் சம்மர் டயர்தான். பெயரைப் பார்த்து வெயிலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. குளிர் இல்லாத மழையில் ஆல்-சீசனைவிட நல்ல சம்மர் டயர்தான் முன்னே நிற்கும். 7 பாகைக்குக் கீழே அதன் ரப்பர் விறைத்துவிடும் என்பதே அதன் குறை. இந்த வகையில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் போன்றவை ஒரே வரிசையில் நிற்பவை. உங்கள் முன், பின் அளவு இரண்டிலும் ஒரே மாடல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரை முழுதாகப் படியுங்கள்: பைலட் ஸ்போர்ட் என்ற பெயரிலும் பி ஜீரோ என்ற பெயரிலும் ஆல்-சீசன் டயர்களும் வருகின்றன. ரேஸ் டிராக்குக்கென்று வரும், சைடுவாலில் உள்ள தேய்மான எண் (டிரெட்வேர்) 200 அருகே உள்ள வகைகளைத் தவிருங்கள். காய்ந்த தரையில் அவை அபாரம், பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய தண்ணீரில் கைவிட்டுவிடும்.

தேய்மான எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவது பலர் செய்யும் தவறு. அது அமெரிக்க முறை. டெக்சாஸில் ஒரு குறிப்பிட்ட சாலைச் சுற்றில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கி.மீ. ஓட்டி, 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு பார்த்து, நிறுவனமே தன் டயருக்கு எண் போட்டுக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையே ஓரளவு உதவும், அவ்வளவுதான். அதில் வரும் ஏஏ, ஏ என்ற பிடிமானத் தரமும், ஐரோப்பிய லேபிளின் ஈரப்பிடித் தரமும் ஈரத் தரையில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கின்றன. வளைவையும், தண்ணீர்மேல் மிதப்பதையும் அவை சொல்லாது. உங்களுக்கு வேண்டியதோ அவை இரண்டும்தான். ஆகவே பத்திரிகைகள் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகளில் ஈர வளைவு, நீரில் மிதப்பு என்ற இரண்டு வரிசைகளைத் தேடிப் படியுங்கள். ஐரோப்பிய லேபிள் அளவுக்கு அளவு மாறும் என்பதையும் கவனியுங்கள்: ஒரே மாடலின் 225-க்கு ஒரு தரமும் 255-க்கு இன்னொரு தரமும் இருக்கலாம், பின்டயரின் தரத்தை வைத்து முடிவெடுங்கள்.

மாட்டும் நாளில் கடையிலேயே நில்லுங்கள். டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் செய்த வாரமும் வருடமும்: 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம். முழு எண் ஒரு பக்கச் சைடுவாலில் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பின் அது உள்பக்கமாகப் போய்விடலாம், ஆகவே மாட்டும் முன்பே நான்கிலும் பாருங்கள். சமச்சீரற்ற பட்டன் உள்ள டயரில் வெளிப்பக்கம் என்ற குறி வெளியில் தெரிய வேண்டும். இத்தகைய டயரை இடம் வலம் மாற்றினாலும் உள்ஓரம் உள்ஓரமாகவே இருக்கும், ஆகவே மாற்றிப் போட்டு உள்தேய்வைச் சமன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வால்வோடு காற்றழுத்த சென்சார் இருந்தால், டயரைக் கழற்றும் மெஷின் தட்டு வால்வுக்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும், வால்வின் ரப்பர் வளையமும் உள்பின்னும் புதிதாக மாற்றப்பட வேண்டும். ஹப்பில் ரிம் உட்காரும் முகத்தைத் துரு போகத் தேய்க்கச் சொல்லுங்கள். துரு படிந்த முகத்தில் மாட்டினால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிரும். போல்ட்களைக் கையால் நுழைத்து, எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு முடுக்க வேண்டும். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் 120 முதல் 140 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் இறுதி முடுக்கல் வேண்டாம். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். 90 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கர பேலன்ஸ், இருக்கை நடுங்கினால் பின்சக்கரம்.

காற்றைக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். முன், பின் அளவு வேறு, ஆள் நிறைந்தால் இன்னும் வேறு. அதன் பிறகு மெனுவில் அழுத்தக் கண்காணிப்பை ரீசெட் செய்யுங்கள். ஏபிஎஸ் சென்சாரை வைத்துக் கணிக்கும் வகை வண்டியில் இதைச் செய்யாவிட்டால் பழைய டயரின் கணக்கிலேயே எச்சரிக்கை வரும். புது டயரின் மேல்தோலில் அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய வழுக்கல் இருக்கும், முதல் 300 கி.மீ. மழையில் பெடலை மென்மையாகவே மிதியுங்கள். 5,000 கி.மீ. ஆனதும் பின்டயரின் மூன்று இடங்களையும் மறுபடி அளந்து எழுதிவையுங்கள். உள்ஓரம் நடுவைவிட 0.5 மி.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால், அடுத்த 5,000-க்குக் காத்திராமல் அளவுத்தாளோடு அலைன்மென்ட் மெஷினுக்குத் திரும்பிப் போங்கள்.